காற்றில் முறுக்கியது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு நாள் என் கை என்ன செய்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை அண்ணி போன் செய்தார்.

“தம்பி, உங்க அண்ணன் வண்டிய நாளைக்கு ஏத்தி அனுப்புறேன். மக அதத்தான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா.”

“அண்ணி, ஆறு வருஷமா ஷெட்டுல கிடக்குற வண்டி அது. அவளுக்கு நல்லதா வேற ஒண்ணு...”

“அடியில போடுற சாமானெல்லாம் அவளே வரவழைச்சுட்டா. நீதான் மாட்டிக் குடுக்கணும். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்.”

வைத்துவிட்டார். அண்ணி எப்போதும் அப்படித்தான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார், நாம் இந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாராம். உலகத்தில் இருக்கிற கைகளில் என் கையில்தான் அந்த வண்டியைக் கொடுக்கக் கூடாது.

வியாழக்கிழமை மதியம் லாரியில் வந்து இறங்கியது. வெளிர் பச்சை, நான்கு கதவு, என்னைவிட ஒரு வயது மூத்த வண்டி. யாரோ கழித்துப் போட்டதை அண்ணன் கொண்டுவந்து இரண்டு வருஷம் தேய்த்து மினுக்கி எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன் அண்ணனோடு விழுந்த கால்வாயிலிருந்து தூக்கிய பிறகு வேறொரு பட்டறையில் முன்பக்கத்தை நிமிர்த்தி, இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். அடிப்பக்கத்தை யாரும் தொடவில்லை. கதவின் உள்பக்கத் துணியில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருந்தது, ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் மேலே. பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் லாரிக்காரரும் தள்ளி உள்ளே விட்டோம். வாசல் மேட்டில் ஏறும்போது இடது முன்சக்கரத்தின் பக்கம் ‘டொக்’ என்றது.

“உள்ள என்னமோ ஆடுது போல,” என்றார் லாரிக்காரர்.

எனக்குத் தெரியாதா? அண்ணன் இறந்துபோவதற்கு முந்தைய வாரம் இதே மேட்டில் இதே வண்டி இதே சத்தம் போட்டது. நான் அப்போது ஒரு கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கேட்டும் கேட்காததுபோல் குனிந்துகொண்டேன். அதிலிருந்து அந்த ‘டொக்’ என் காதிலேயே குடியிருக்கிறது. வெயில் ஏறி மூன்று மணிக்குத் தகரக்கூரை சூட்டில் விரிந்து ‘டொக்’ என்னும்போதெல்லாம் திடுக்கிட்டு வாசலைப் பார்ப்பேன். ஆறு வருஷமாக வாசலில் யாரும் இல்லை.

தொழில் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பது ஓர் இரும்புக் கை. ஆர்ம் என்போம். அந்தக் கை மேலும் கீழும் அசைவதற்காக, அது வண்டியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். ரப்பருக்கு வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டோடும் ரப்பர் ஒட்டியிருக்கும். நடுவே போகிற போல்ட்டை எந்த நிலையில் முறுக்குகிறோமோ அந்த நிலையை ரப்பர் பிடித்துக்கொள்ளும். அதனால் வண்டியைத் தரையில் இறக்கி, உள்ளே ஆளையும் உட்காரவைத்து, வண்டி தன் பாரத்தில் அமர்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஜாக்கில் தூக்கி வைத்து, சக்கரம் காற்றில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், இறக்கிய நிமிஷத்திலிருந்து ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும். மூன்று நான்கு மாதத்தில் கிழியும். கிழிந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அப்போது அண்ணன் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது. கடைசி முறுக்குக்கு அண்ணியைக் கூப்பிடுவோம். அவர் பட்டாணியும் முறமுமாக வந்து, யார் வண்டியாக இருந்தாலும் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிடுவார். அண்ணன் ஸ்டியரிங் பக்கம். நான் வண்டிக்கு அடியில், குழியில்.

“நம்ம பட்டறையிலயே கனமான டூல் உங்க அண்ணிதான்டா,” என்பார் அண்ணன். அண்ணி வீசுகிற பட்டாணித் தோல் அவர் முகத்தில் விழும் சத்தம் எனக்குக் குழிக்குள் கேட்கும்.

முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுப்போம். பிறகு யாராவது கைவைத்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் கோடு வெள்ளை, என்னுடையது மஞ்சள். கடைசியில் அண்ணன் இறங்கி முன் மட்கார்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த நாள் அவருடைய சொந்த வண்டிக்கு நான் புஷ் மாற்றிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். அவர் எதிரில் அண்ணன் சிரித்துக்கொண்டே, “தம்பி கொஞ்சம் அவசரக்குடுக்கை, உங்க வண்டிய நான் ஒரு தடவை பாத்துட்டே தர்றேன்,” என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குக் காது சூடேறிவிட்டது. அவசரக்குடுக்கையா? இருக்கட்டும். வண்டி ஜாக்கில் இருக்கும்போதே நான்கு போல்ட்டையும் முறுக்கினேன். நான்கிலும் மஞ்சள் கோடு இழுத்தேன். அண்ணியைக் கூப்பிடவில்லை. “முடிச்சாச்சு,” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். அண்ணன் நம்பினார். மட்கார்டில் இரண்டு தட்டு.

கோபம் மறுநாளே போய்விட்டது. பிரித்து மறுபடி சரியாக முறுக்கிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அதற்கு, நான் செய்ததை வாயால் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம் என்று நாலு மாதம் ஓடியது. ஒரு மழை நாள் மாலை வளைவில் வண்டி இடது பக்கம் போய்க் கால்வாயில் இறங்கியது. கதவு திறக்கவில்லை. மழை, வேகம் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணன் வேகமாக ஓட்டுகிற ஆளே இல்லை. அது எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். கம்பித் தூரிகையால் சேற்றைத் தேய்த்தேன். முதலில் வலது பக்கம். நட்டின் மேல் மஞ்சள் தெரிந்தது. போல்ட்டின் மேலும் மஞ்சள் தெரிந்தது. ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. நடுவே ஒரு வெள்ளைக் கோடு நேராகப் போயிருந்தது.

 அடுத்த போல்ட்டையும் தேய்த்தேன். அங்கேயும் வெள்ளை. அண்ணன் பிரித்திருக்கிறார். சரியாக இறக்கி வைத்து மறுபடி முறுக்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, தனியாளாக, வாய்விட்டு அழுதேன். ஆறு வருஷம் வீணாக என்னையே தின்றுகொண்டிருந்தேனே என்று.

பிறகு எழுந்து இடது பக்கம் போனேன். தேய்த்தேன். மஞ்சள் மட்டும். நட்டிலிருந்து போல்ட் வரை உடையாமல், நான் இழுத்தது இழுத்தபடி. அடுத்ததும் அப்படியே.

அண்ணி மகள் வரவழைத்திருந்த புது புஷ் கிட்டோடு வந்த காகிதத்தில், பழைய புஷ்ஷின் வெளி வளையத்தைக் கழற்றாதே, ரப்பரை மட்டும் எடு என்று போட்டிருந்தது. ஆர்ம்களைக் கழற்றி, ட்ரில் போட்டு ரப்பரைச் சுற்றிக் குடைந்து தள்ளினேன். வலது பக்கத்து ரப்பர் பழசாக, ஆனால் முழுசாக வந்தது. இடது பக்கத்தில் முதலில் கொட்டியது கால்வாய் மணல். அதற்குப் பின்னால் ரப்பர், ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் ஒரே திசையில் திருகிக் கிழிந்திருந்தது. விரலை விட்டால் மறுபக்கம் வந்தது.

அதைத் தூக்கிக் குப்பை டிரம்மில் போட்டேன். மேலே எண்ணெய்த் துணிகளையும் போட்டேன். ரப்பருக்குப் பதிலாகப் போடுகிற யூரித்தேன் புஷ்கள் கருஞ்சிவப்பாக, புத்தம் புதிதாக மேஜையில் இருந்தன. இரண்டு பாதியாக வரும். பசை கிரீஸைப் பூசி, இரண்டு பக்கமும் அழுத்தி, நடுவே இரும்புக் குழாயை விட வேண்டும். இவை எதோடும் ஒட்டாது. குழாய் கிரீஸில் வழுக்கிச் சுற்றிக்கொள்ளும். எந்த நிலையில் முறுக்கினாலும் இவற்றுக்கு ஒன்றுதான், எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஆர்ம்களில் நான்கையும் மாட்டி முடித்தபோது மூன்று மணி. கூரையில் ‘டொக்’ என்றது. திரும்பிப் பார்க்கவில்லை. டிரம் நாளை மறுநாள் போய்விடும், அதோடு எல்லாம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணியும் மகளும் வந்தார்கள். மகளுக்கு வீட்டுப் பெயர் வாலு. இருபத்து மூன்று வயதாகி, ஒரு பெரிய பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாலும் வாலு வாலுதான். வந்ததும் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள்.

“சித்தப்பா, கிட்டோட வந்த கிரீஸத்தானே போட்டீங்க? கண்ட கிரீஸ் போட்டா ஊரைக் கூட்டுற மாதிரி கத்துமாம்.”

“இல்லம்மா, தேங்காயெண்ணெய் தடவிருக்கேன். போய் அந்தப் பக்கம் நில்லு.”

அண்ணி சிரிக்கவில்லை. ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குள் அவர் கால் வைத்து ஆறு வருஷம். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அண்ணனுடைய வைஸ் இருக்கும் மேஜையை ஒரு தடவை பார்த்தார். அவர் போன பிறகு நான் அதில் எதையும் பிடித்ததில்லை. தூசி தட்டுவதோடு சரி.

ஆர்ம் இரண்டையும் மேலே ஏற்றி போல்ட்டை நுழைத்தேன். கடைசி முறுக்கு மட்டும் பாக்கி. ஸ்பேனரை இடது போல்ட்டில் வைத்தேன். சக்கரம் இல்லாமல் ஆர்ம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் மல்லாந்து படுத்திருந்தேன். அதே பக்கம், அதே தொங்கல், முகத்துக்கு மேலே அதே கறுத்த இரும்பு.

வாலு காகிதத்தைப் படித்தாள். “இத இறக்கத் தேவையில்லையாம் சித்தப்பா. காத்துல இருக்கும்போதே முறுக்கலாமாம். யாரும் உக்காரவும் வேண்டாம். ஆச்சா?”

சொல்லிக்கொண்டே மட்கார்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். அப்பாவைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், அவளுக்கே தெரியாது. ‘டொக் டொக்’ என்று என் நெற்றிக்கு மேல் கேட்டது. ஸ்பேனரைப் பிடித்த கை அசையவில்லை. இழுக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்தப் புஷ்ஷுக்கு இது தப்பில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

வெளியே ஊர்ந்து வந்தேன். நேராக டிரம்முக்குப் போய்த் துணிகளைக் கிளறி அந்த ரப்பரை எடுத்தேன். அண்ணி முன்னால் போய் நின்றேன்.

“அண்ணி, அன்னைக்கு நான் இத காத்துல வச்சே முறுக்கிட்டேன். இடது பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. வண்டி இழுத்தது அதனாலதான். அண்ணன் போனது என்னாலதான்.”

எதற்காக முறுக்கினேன் என்பதையும், சத்தம் கேட்டும் குனிந்துகொண்டதையும் சொன்னேன். நேற்று டிரம்மில் ஒளித்ததையும் சொன்னேன். விட்டால் இனி வராது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வாலு காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி ரப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தெரியும்,” என்றார்.

“அண்ணன் சொன்னாரா?”

“அவரு சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். அன்னைக்கு நீ என்னை உக்காரக் கூப்பிடலையே.”

அண்ணி ரப்பரை மடியிலிருந்த பையின் மேல் வைத்தார்.

“முறத்தோட ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இப்பக் கூப்பிடுவான், இப்பக் கூப்பிடுவான்னு. உங்க அண்ணன் வண்டிய இறக்கி வெளிய எடுத்துட்டாரு. அண்ணன் தம்பிக்குள்ள ஏதோ சண்டை, நாம ஏன் நடுவுலன்னு உள்ள போயிட்டேன். ஏன் கூப்பிடலன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.”

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஸ்டூலில் வைத்தார். பிரிக்காத பிளாஸ்டிக் உறை, உள்ளே இரண்டு கறுப்பு ரப்பர் புஷ்கள்.

“இது அவரு போன மூணாம் நாள் வந்துச்சு. வலது பக்கத்தக் காப்பாத்திட்டேன், இடது கிழிஞ்சிடுச்சு, சாமான் வந்ததும் மாத்திடறேன்னாரு. தம்பிகிட்ட எதுவும் கேக்காதே, மூஞ்சி தொங்கிப்போயிடும், ரெண்டு நாள் சோறு திங்க மாட்டான்னாரு.”

“தெரிஞ்சுமா ஓட்டினாரு?” என்றாள் வாலு. குரல் உடைந்திருந்தது. “வண்டி இழுக்குதுன்னு தெரிஞ்சுமா அந்த மழையில எடுத்தாரு? ஏம்மா என்கிட்ட சொல்லல? நான்தானே போன் பண்ணேன். நனையுறேன், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு.”

 வாசலில் ஒரு சைக்கிள் போயிற்று. ஆறு வருஷமாக நான் ஒருவன்தான் இதைச் சுமக்கிறேன் என்ற திமிர் என்னை விட்டுப் போனது. ஒரே குடும்பத்தில் மூன்று பேரும் தனித்தனி மூலையில் உட்கார்ந்து இதையே மென்றுகொண்டிருந்திருக்கிறோம்.

“இவ்வளவு நாளா ஏன் என்னைக் கேக்கல அண்ணி?”

“கேட்டா ஆமான்னு சொல்லுவ. அப்புறம் நான் உன்னை என்ன பண்றது? நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். நீ வர்ற மாதிரி தெரியல. அதான் வண்டிய அனுப்பினேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே தம்பி. இன்னும் இல்ல. எப்பன்னும் தெரியாது.”

“சரி அண்ணி.”

“வண்டிய இறக்கு,” என்றார்.

“இதுக்கு வேண்டியதில்ல அண்ணி. இது ரப்பர் இல்ல.”

“இறக்குன்னேன்.”

சக்கரங்களை மாட்டினேன். ஜாக்கை இறக்கி, வண்டியைத் தள்ளிக் குழிக்கு மேல் நிறுத்தினோம். வாசல் மேட்டில் வந்த சத்தம் இப்போது வரவில்லை. அண்ணி புடவையை ஒதுக்கிக்கொண்டு இடது சீட்டில் ஏறினார். வாலு ஸ்டியரிங் பக்கம். அண்ணன் எழுபத்தெட்டு கிலோ, இவள் ஐம்பதுகூட இருக்க மாட்டாள். அண்ணனுடைய டூல் பெட்டியைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தேன்.

“கால் நகத்துல போட்டுடாதீங்க சித்தப்பா,” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

குழியில் இறங்கினேன். வண்டி தன் பாரத்தில் அமர்ந்திருந்தது. வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் முறுக்கி, இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்ற பிறகும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். அண்ணனுடைய வெள்ளை டப்பா எப்போதோ கட்டிதட்டிப் போய்விட்டது. என் மஞ்சளிலேயே நான்கு கோடு இழுத்தேன்.

“முடிச்சாச்சு,” என்றேன் குழிக்குள்ளிருந்து.

முன் மட்கார்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு விழுந்தது.

மேலே ஏறி வந்தேன். வண்டியைச் சுற்றி யாரும் இல்லை. முன்கதவுகள் இரண்டும் சாத்தியிருந்தன. வாலு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அண்ணி கண்ணாடி வழியாக அந்த மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அண்ணி,” என்றேன்.